வசதிக் கட்டணம்

— நாலாயிரத்து இருநூறுன்னுதானே போட்டிருந்தான் லூயிசா? இப்போ ஆறாயிரத்துச் சொச்சம் காட்டுறான். பகல்கொள்ளை.

— மிஸ்டர் இக்னேஷியஸ், பேசாம ப்ளைட் டிக்கெட்டைப் போடுங்க. நான் புனேவுக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போகணும், அவ்ளோதான்.

— ரிட்டர்ன் என்னிக்கு?

— ரிட்டர்ன் கிடையாது. காலையிலயே சொல்லிட்டேன்.

— சரி, சரி. பெட்டிக்குத் தனியா காசாம். பெட்டி இல்லாம போறதுக்கு இது இன்னா சாந்தோம் பீச்சா?

— கட்டுங்க.

— சீட்டுக்கும் காசு. டிக்கெட் வாங்கினவன் எங்க உக்காருவான், றெக்கை மேலயா?

— எனக்கு ஓர சீட்டு. மேல போங்க.

— லஸ் ஓட்டல்ல தோசை சாப்பிட்டா சட்னிக்குத் தனியாவா பில் போடுறான்? ஆளை உக்கார வச்சுட்டு, சாப்பாட்டுல கை வச்சப்புறம் ஒவ்வொரு சார்ஜா வெளிய எடுக்கிறது. மனுஷன் பண்ற வேலையா இது?

— எங்க அக்காவுக்கு நீங்க பண்ணதுதான்.

— நான் இன்னா பண்ணேன்?

— இங்க வந்து தங்கினவளுக்கு ஏசி போட்டுக்குங்க, ஹீட்டர் போட்டுக்குங்கன்னு பத்து நாள் உபசாரம். அவ ஆட்டோவுல ஏறினப்புறம், 'இந்தத் தடவை கரண்ட் பில் எகிறிடும்'னு ஒரு சிரிப்பு. பாவம், பர்ஸைத் திறந்து ரெண்டாயிரம் நீட்டுறா.

— வேணாம்னுதானே சொன்னேன்.

— வாங்கி பாக்கெட்ல வச்சுக்கிட்டு சொன்னீங்க.

— அது ஆகி ஒரு வாரம் ஆச்சு, விடேன். இதைப் பாரு. வசதிக் கட்டணமாம். நானே தேடுறேன், கண்ணாடி போட்டுக்கினு நானே டைப் அடிக்கிறேன். யாருக்கு இன்னா வசதி?

— இருபத்தாறு வருஷமா நானும் அதைத்தான் கேக்குறேன்.

— மூணு நிமிஷத்துல பணம் கட்டலைன்னா டிக்கெட் போயிடுமாம். மிரட்டல் வேற.

— அப்போ கட்டுங்க. இருங்க, இருங்க. கீழ எழுநூறு ரூபாய்க்கு ஒரு டிக் இருக்கே, என்னது?

— அது ஒண்ணுமில்ல.

— சாண்ட்விச்சா? எனக்கு வேணாம். வீட்லயே இட்லி கட்டிக்கிறேன்.

— சாண்ட்விச் இல்ல. போக வேணாம்னு உனக்குத் தோணிச்சுன்னா, முழுப் பணத்தையும் திருப்பித் தருவானாம்.

— அவனாவே போட்டிருப்பான். எடுத்து விடுங்க.

— அவன் போடல. நான்தான் போட்டேன்.

— நீங்களா? எழுநூறு ரூபாயா?

— ஸ்க்ரீனைப் பாரு லூயிசா, என் மூஞ்சியப் பாக்காத. டைம் ஓடுது.

— ஓடட்டும். நீங்க அக்காவுக்கு போன் போட்டு அந்த ரெண்டாயிரத்தைத் திருப்பி அனுப்புங்க, நான் டீ போடுறேன். இஞ்சிக்குத் தனி சார்ஜ்.