வெட்டி வைத்த மூச்சு

“அப்பாவோட மூச்சையெல்லாம் வெட்டி எடுத்துட்டேன்க்கா.”

ஆவடியிலிருந்து பாடி போகும் பேருந்தில், எனக்கு முன்னால் மடியில் லேப்டாப்போடு இருந்தவன் பக்கத்திலிருந்த அக்காவிடம் சொன்னான். அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியத்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்ட, அவர் கடைசியாகப் பேசிய ஒலிப்பதிவைச் சரிசெய்திருந்தான்.

“நாலு நிமிஷம் இருந்துச்சுக்கா. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவுல மூச்சு இழுத்துகினே இருந்தாரு. அந்தத் துண்டையெல்லாம் தூக்கிட்டு, பேச்சை மட்டும் ஒட்டினேன். இப்ப ஒண்ணரை நிமிஷம்தான்.”

ஹெட்போனை அவளிடம் கொடுத்தான். அவள் முழுக்கக் கேட்டுவிட்டுக் கழற்றினாள்.

“உடம்புக்கு ஒண்ணுமே இல்லாத மனுஷன் பேசுற மாதிரி இருக்குடா.”

“அதுக்குத்தான்க்கா செஞ்சேன்.”

“நீ வெட்டின எடத்துலலாம் நான் அவர் நெஞ்சைத் தடவிகினு இருந்தேன்.”

பாடி மேம்பாலம் வந்தபோது அவள் ஹெட்போனை அவன் மடியில் வைத்தாள்.

“வெட்டினதை அழிச்சிட்டியா?”

“இல்லக்கா. பேச்சுக்குக் கீழயே இன்னொரு வரிசையா, தனி ட்ராக்குல போட்டு வெச்சிருக்கேன்.”

“அதை மட்டும் எனக்கு அனுப்பு. பேச்சை எல்லாரும் கேக்கட்டும்.”