நீள வால் மாஸ்டர்

மாஸ்டர்: ...மெதுவா மேடம், மெதுவா! வாசல் தொட்டியை இடிச்சுடாதீங்க. உள்ள என் சிஷ்யன் வேலையில இருக்கான்.

மேனேஜர்: சிஷ்யனா? பூந்தொட்டிக்குள்ளயா?

மாஸ்டர்: அந்த அகல இலையைப் பாருங்க. தையல்சிட்டு! கட்டைவிரல் அளவு உடம்பு. இலையோட ரெண்டு ஓரத்தையும் இழுத்துவச்சு, அலகால ஓட்டை போட்டு, நூல் கோத்துத் தைக்குது. பை மாதிரி ஆனதும் உள்ள பஞ்சு மெத்தை, அப்புறம் முட்டை. நூலு நம்ம கடை நூலு!

மேனேஜர்: அழகுதான். ஆனா நான் வந்தது எங்க நாடக அரங்கத்து விஷயமா... அது என்ன, உள்ளயிருந்து இவ்வளவு வாசனை?

மாஸ்டர்: வீட்டுல ஏதாவது வச்சிருப்பா. அதை விடுங்க. தெருவுல இத்தனை தையல்கடை இருக்கே, ஏன் இங்க வந்துச்சு? தொழில் தெரிஞ்ச கையை அதுக்குத் தெரியுது. ஜன்னல்ல உட்கார்ந்து என் கையையே பார்த்துப் பார்த்து... முடிச்சு போடறதைக்கூட என்கிட்டதான்...

மனைவி: அது முடிச்சு போடாதுங்க.

மாஸ்டர்: ...என் வீட்டம்மா. திரைக்குப் பின்னாடி பட்டன் கட்டுவா. நீ உள்ள போம்மா.

மனைவி: போறேன். சிலந்தி நூலோ பஞ்சோ, ஓட்டைக்குள்ள இழுத்துவிட்டா நுனி பிரிஞ்சு அடைச்சுக்கும் மேடம். அதுவே பிடிமானம்.

மேனேஜர்: ஓ! அப்போ கம்பி மேல உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துதே, அது?

மாஸ்டர்: அது பொண்டாட்டி. வேலை செய்ய விடாம புலம்பிட்டே இருக்கும்.

மேனேஜர்: வால் நீளமா இருக்கே?

மாஸ்டர்: ஜடை மாதிரின்னு வச்சுக்குங்களேன்.

மேனேஜர்: மாஸ்டர்... எங்க வீட்டு வேலியில இதுங்க நிறைய. கூடு கட்டற பருவத்துல நீள வாலுதான் ஆண். தைக்கிற குட்டை வால், பெண்.

மாஸ்டர்: ...அப்படியா?

மனைவி: க்கும்!

மாஸ்டர்: இருமல் மருந்து அலமாரியில இருக்கும்மா.

மேனேஜர்: சரி, கேளுங்க. போன நாடகத்துல நீங்க கொடுத்த ராணி அங்கிக்குக் கடைசி வரிசைக்காரங்ககூட எழுந்து நின்னாங்க. இந்த வருஷம் எல்லா உடுப்பும் உங்ககிட்டதான். ஆனா, அரங்கத்துக்கே வந்து எங்க ஆளுங்க முன்னாடி உட்கார்ந்து தைக்கணும்.

மாஸ்டர்: முன்னாடியா...

மேனேஜர்: யார் கைன்னு தெரியாம வருஷ வேலையைக் கொடுக்க முடியாது, எதிர்க்கடைக்குத்தான் போகணும். இந்தாங்க ஊசி. கோத்துக் காட்டுங்க.

மாஸ்டர்: கண்ணாடி இல்லாம எப்படி...

மேனேஜர்: மூக்கு மேலதான் இருக்கு.

மாஸ்டர்: இது... தூரப் பார்வைக்கு.

மேனேஜர்: அங்கியோட கைத்தையல் முழுக்க இடதுகைக்காரங்க சாய்வு, மாஸ்டர். நீங்க அளவு எழுதறது வலது கையில.

மனைவி: ஏங்க, போதும். வேலை போனாப் போகட்டும்...

மாஸ்டர்: ஏன் போகணும்? அவதான் மேடம்! வெட்டறது, தைக்கிறது, எல்லாம் அவ. போர்டுல மட்டும் நான். அன்னைக்கு ஜனங்க எழுந்து நின்னப்போ, ‘என் பொண்டாட்டி தைச்சது’ன்னு கத்தணும்போல நெஞ்சு முட்டுச்சு. அதுக்குள்ள பக்கத்து சீட்டுக்காரர் என் கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டார்...

மனைவி: நீங்களும் குலுக்கிட்டு வந்துட்டீங்க.

மாஸ்டர்: இப்போ கத்தறேனே! அவ இலையை எடுத்தாக்கூட அங்கியாக்கிடுவா மேடம். விளம்பரத்துல அவ பேரைப் பெரிய எழுத்துல போடுங்க. சின்னதாப் போட்டா சண்டைக்கு வருவேன்!

மேனேஜர்: போட்டுட்டாப் போச்சு. அம்மா வரட்டும். நீங்க கம்பி மேல உட்காருங்க.

மனைவி: அவரும் வரணும் மேடம். பெண்சிட்டு அடைகாக்கும்போது நீள வாலு சும்மா கத்திட்டு இருக்காது. இரை தேடிட்டு வந்து ஊட்டும்.

மேனேஜர்: இவரா? சமையல் ராணி நீங்கதானே! அந்த அங்கியோட நீங்க கொடுத்தனுப்பின கேக்குக்கு எங்க நடிகர்கள் அடிதடியே பண்ணினாங்க.

மாஸ்டர்: ஏம்மா... அது மட்டும் வேண்டாம்மா...

மனைவி: வெளிய சொல்லக் கூடாதுன்னு இவரு என்கிட்ட சத்தியமே வாங்கி வச்சிருந்தது அந்தக் கேக்குக்குத்தான் மேடம்... போங்க நீள வால், ஓவன்ல இருக்கறது கருகிடப்போகுது!