பேட்டரி மேல் இருபத்திரண்டு என்றுதான் இருந்தது

கல்பனா போடும் டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. மற்றபடி அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கலசப்பாக்கத்திலிருந்து மலையேறி வந்து என் பக்கத்து வீட்டில் குடியிருந்தாள். மழைக்காலத்தில் பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்கு வண்டி போகாது. பாம்புக்கடி மருந்தை ட்ரோனில் அனுப்புவது அவள் வேலை. லேப்டாப், மல்டிமீட்டர், பேட்டரியைக் கவனித்துக்கொள்ளும் பச்சை போர்டு, அதை லேப்டாப்போடு சேர்க்க ஓர் ஒயர் என்று நாலு நாள் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் நாலு நாள் போய் உட்கார்ந்தேன். அவள் கல்யாணம் ஏன் நின்றது என்று ஜாடையாகக் கேட்டால், போர்டைப் பற்றிப் பேசுவாள்.

"பேட்டரி மேல இருபத்திரண்டு ஆம்பியர்-ஹவர் சார்ஜ் தாங்கும்னு போட்டிருக்குதுக்கா. பழசாச்சே, சோதிச்சா பதினொண்ணுதான் தாங்குது. சாஃப்ட்வேர்ல நாம இன்னா எழுதறமோ அதத்தான் போர்டு நம்பும். தப்பா எழுதினா, சார்ஜ் இருக்குன்னே காட்டும், நடுவழியில வுழுந்துடும்."

நான் சொன்னால் ஊரே நம்பும். இவள் மட்டும் பிடிகொடுக்கமாட்டாள். ஐந்தாம் நாள் ரேஷன் கடையில் எல்லார் முன்னாலும் என்னைக் காட்டிச் சொன்னாள்: "அம்சவல்லி அக்காவுக்கு இந்த ஒயர மாட்டினா போதும், ஊர்க்கதை மொத்தமும் ஸ்கிரீன்ல வந்துடும்." பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து மங்கம்மாள்தான் முதலில் சிரித்தாள்.

அன்று மத்தியானம் கல்பனா சுகாதார நிலையத்துக்குப் போனாள். லேப்டாப்பை மூடவில்லை, ஒயரையும் கழற்றவில்லை. பதினொன்றை அழித்து இருபத்திரண்டு என்று அடித்து, அவள் அழுத்தும் அதே பொத்தானை அழுத்தினேன். பேட்டரி மேல் அச்சிட்டிருந்ததைத்தானே போட்டேன். போர்டு ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் என் பேச்சை மதித்தது அது ஒன்றுதான்.

அதற்கு மூன்றாம் நாள் சாமைக் கொல்லையில் மங்கம்மாளைப் பாம்பு கடித்தது. ட்ரோன் மருந்தோடு கிளம்பியது. பாதி சார்ஜ் மிச்சம் என்று திரை காட்டிக்கொண்டிருக்கும்போதே பள்ளத்தில் விழுந்தது. மருந்தைத் தேடி எடுத்து ஆள் நடந்து போய்ச் சேர்வதற்குள் அவள் உயிர் போய்விட்டது.

"நான் பதினொண்ணுதான் போட்டேன்" என்று கல்பனா அழுதாள். யாரும் நம்பவில்லை. அவள் எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டாள் என்று நான் அதற்குள் வீடு வீடாகச் சொல்லியிருந்தேன்.

மாற்றிய நேரம் லேப்டாப்பில் பதிந்திருக்கிறது, அந்த நேரத்தில் கல்பனா சுகாதார நிலையத்தில் இருந்தாள் என்கிறீர்கள். சரி, எழுதிக்கொள்ளுங்கள், மாற்றியது நான்தான். ஆனால் எதையும் மறைக்கிறவள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. மங்கம்மாள் செத்த செய்தியை ஊருக்கு முதலில் சொன்னதே நான்தான்.