நான்காவது ராஜா

எனக்குப் பொம்மைகளோடு விளையாடத் தெரியாது. சின்ன வயதிலும் தெரியாது. மற்றப் பிள்ளைகள் காரை உருட்டிக்கொண்டு வாயால் டுர்ரென்று சத்தம் போடுவார்கள். நான் அதே காரைக் கவிழ்த்து, அடியில் எந்த நாட்டின் பெயர் பொறித்திருக்கிறது என்று பார்ப்பேன். என் மனைவி நிருபமா இதை வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். நீங்களும் சிரிக்கலாம், இன்ஸ்பெக்டர் கோவிந்தப்பா சார். ஆடாத நாற்காலியாகப் பார்த்துப் போடச் சொன்னீர்கள், டீயில் சர்க்கரை வேண்டாம் என்றதை ஞாபகம் வைத்திருந்தீர்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒரே ஒரு விஷயத்தில்தான் கொஞ்சம் மனத்தாங்கல். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் சேர்ப்பது பழைய பூத பொம்மைகளை மட்டும். கொம்பு, கோரைப்பல், ஒற்றைக் கண், மூன்று கண். தகரத்தில், ரப்பரில், செல்லுலாய்டில். ரயிலும் குதிரையும் சேர்க்கிறவர்கள் பெங்களூரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பூதம் கிடைப்பதுதான் கஷ்டம். பிள்ளைகள் பயந்துபோய்த் தூக்கி எறிவார்கள், இல்லையென்றால் பிரியம் வந்து கட்டிக்கொண்டே தூங்குவார்கள். எப்படியும் பொம்மை உருப்படாது. குழந்தைகள் கை படாமல் தப்பித்த பூதத்துக்குத்தான் மதிப்பு.

மதிப்புப் போடுவதில் எனக்கு ஒரு பேர் உண்டு. வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில் இத்தனை வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன். எங்கள் சேகரிப்பாளர் குழுவில் யார் பொம்மை வாங்கினாலும் முதலில் என்னிடம் காட்டுவார்கள். "பத்ரிநாத் சொல்லிட்டார்னா முடிஞ்சுது" என்பார்கள். புதிதாக வருகிறவன் பெயின்ட் பளபளக்கிறதா என்று பார்ப்பான். நான் பாதத்தைப் பார்ப்பேன். நின்று நின்று தேய்ந்ததா, பழசாகத் தெரியட்டும் என்று யாராவது உப்புத்தாளால் தேய்த்ததா என்று அது காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் இரண்டு பாதியும் ஒட்டிய கோடு. கடைசியில் மூக்கு. செல்லுலாய்டு என்றால் கட்டைவிரலால் தேய்த்துச் சூடாக்கி முகர வேண்டும். கற்பூர வாசனை வரும். கற்பூரம் சேர்த்துத்தான் அதைச் செய்தார்கள். பின்னாளில் அதே அச்சில் பிளாஸ்டிக் நகல்களும் வந்தன. கண்ணை ஏமாற்றிவிடலாம், மூக்கை முடியாது.

என்னிடம் ஒரு ஜப்பான் பூதம் இருக்கிறது. ஒரு சாண் உயரம், பச்சை உடம்பு, மூன்று கண், நடு நெற்றியில் ஒற்றைக் கொம்பு. சாப்பாட்டு மேஜைக்கு எதிரே அலமாரியில் நிற்கும். "அந்தப் பூதத்த பாத்துண்டே சாப்பிட்டா என்ன சாப்பிடறோம்னே தெரியாது உங்களுக்கு" என்பாள் நிருபமா. போன நவம்பரில் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு ஹாலில் குழுவின் கண்காட்சி நடந்தது. அதை நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தி, 'செல்லுலாய்டு. உலகில் எஞ்சியிருப்பது இது ஒன்றே' என்று அட்டை வைத்தேன். யாரும் கேள்வி கேட்கவில்லை. எழுதியது நான் அல்லவா.

அன்று சாயங்காலம் ஓஸ்வால்ட் வந்தார். லிங்கராஜபுரத்துக்காரர், எழுபதைத் தாண்டியிருக்கும், மடிப்புக் கலையாத சட்டை. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு என் பெட்டி முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இவனோட அண்ணன் எங்க வீட்ல இருக்கான்" என்றார்.

"இவன விட நல்லவன்" என்றாள் பேத்தி. தர்ஷினி என்று பெயர், ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பெண்.

இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் எப்போதும் உண்டு. போய்ப் பார்த்தால் கொம்பு ஒட்டவைத்த செட்டியார் பொம்மையாக இருக்கும். இருந்தாலும் விலாசம் வாங்கிக்கொண்டேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவர் வீட்டுக்குப் போனேன்.

கூடத்தில் பாதியைக் கிறிஸ்துமஸ் குடில் அடைத்திருந்தது. பிரவுன் பேப்பரைக் கசக்கிச் செய்த மலை, வைக்கோல் வேய்ந்த தொழுவம், கிண்ணங்களில் முளைத்த ராகிப் பயிர், மேலே சீரியல் செட் விளக்கு. ஓஸ்வால்டின் மகள் கேரல், அதாவது தர்ஷினியின் அம்மா, தரையில் உட்கார்ந்து வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தாள். எழுந்து போய் எனக்கு பிளம் கேக் கொண்டுவந்தாள். குழந்தை உள்ளே ஓடிப்போய்ப் பூதத்தை எடுத்துவந்து என் மடியில் போட்டாள். போட்டாள் என்றால் போட்டாள்தான், துவைக்கிற துணியைப் போடுகிற மாதிரி.

பாதத்தைப் பார்த்தேன். கோட்டைப் பார்த்தேன். ஒரு காதில் பல் தடம் இருந்தது. ஓஸ்வால்ட் கைக்குழந்தையாக இருந்தபோது கடித்ததாம். பிறகு வயிற்றில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்து முகர்ந்தேன். பூஜை அறைக் கதவைத் திறந்த மாதிரி இருந்தது. கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டு இன்னொரு தடவை முகர்ந்தேன்.

எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். மனசாரக் கேட்டேன், இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"குடுக்க என் கைல என்ன சார் இருக்கு? மேடம்தான் ஓனர்" என்று ஓஸ்வால்ட் பேத்தியைக் காட்டினார். அவள் பூதத்தைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். என் முகம் விழுந்துபோனதைப் பார்த்து அவருக்குப் பாவமாகிவிட்டது. "ஒண்ணு பண்ணலாம் சார். அடுத்த எக்ஸிபிஷனுக்கு எடுத்துட்டு வர்றேன். ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வெப்போம். ஜனங்க தொட்டுப் பாக்கட்டும், நீங்க சொல்றீங்களே அந்த வாசன, அதையும் மோந்து பாக்கட்டும்" என்றார்.

நல்ல மனிதர். குத்திக்காட்டுகிற எண்ணமே கிடையாது. அதுதான் என்னைக் கலக்கியது. தொட்டுப் பார்ப்பார்கள். இரண்டையும் தேய்த்துப் பார்ப்பார்கள். தேய்க்கச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. தேவபாலனைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் பொம்மைகளைக் கிறிஸ்துமஸ் அன்றே தொழுவத்தில் வைக்க மாட்டார்கள். தூர தேசத்திலிருந்து வருகிறவர்கள் என்பதால் குடிலின் மறுகோடியில், வாசல் கதவோரமாகப் புறப்படுவார்கள். தர்ஷினி தினமும் அவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவாள். ஜனவரி ஆறாம் தேதி, ராஜாக்கள் திருநாளன்று, தொழுவத்து வாசலுக்கு வந்து சேர்வார்கள். அங்கே சாயங்கால ஜெபத்துக்கு மெழுகுவத்தி ஏற்றுவார்கள். பேட்டரி விளக்கு இல்லை, நிஜ மெழுகுவத்தி.

"இவன் நாலாவது ராஜா. ரொம்ப தூரத்துலேர்ந்து வர்றான்" என்று தர்ஷினி பூதத்தை மூன்று ராஜாக்களுக்கும் பின்னால் நிறுத்தினாள்.

கேரல்தான் கேட்டாள். "சார், இதெல்லாம் தெரிஞ்சவரு நீங்க. கடைசில கேண்டில் கிட்ட வரும். ஒண்ணும் ஆயிடாதே?"

குழுவில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் செல்லுலாய்டைப் பற்றி முதல் நாளே எச்சரிப்பேன். சாமி விளக்கு எரிகிற அறையில்கூட வைக்காதே, பற்றினால் கையை எடுப்பதற்குள் முடிந்துவிடும் என்பேன். கேரலிடம், "ஒண்ணும் ஆகாதும்மா, கெட்டி சாமான்" என்றேன். அவள் நிம்மதியாக மறுபடி வைக்கோல் பரப்பப் போனாள்.

இதில் நான் என்ன செய்தேன் என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். தீக்குச்சி கிழிக்கவில்லை. பூதத்தை நகர்த்தவில்லை. கேட்டதற்கு ஒரு பதில் சொன்னேன், அவ்வளவுதான். வீடு திரும்பும்போது நினைத்துக்கொண்டேன், அதற்குள் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள், குழந்தைக்குச் சலித்துப்போகும், ராஜாக்கள் வழியிலேயே நின்றுவிடுவார்கள். எத்தனையோ நடக்கலாம். நடந்தே தீர வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை.

ஓஸ்வால்ட் தினமும் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினார். என் ஆர்வத்தைப் பார்த்து அவருக்கு அவ்வளவு சந்தோஷம். 'குட் மார்னிங் சார், உங்க ஆள் மலையத் தாண்டிட்டார்.' 'சார், இன்னிக்கு ஆட்டு மந்தையோட ரெஸ்ட்.' ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். என்னுடையதைவிட அடர்ந்த பச்சை. பதிலுக்குக் கட்டைவிரலை உயர்த்துகிற படத்தை அனுப்புவேன். ஒரு நாள் கே.ஆர்.புரம் பாலத்தில் வண்டி நகராமல் நின்றபோது அவருக்கு போன்கூடப் போட்டேன். "சொல்லுங்க சார்" என்றார். "ஹேப்பி நியூ இயர்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆறாம் தேதி சாயங்காலம் கடைசிப் படம் வந்தது. ராஜாக்கள் முழந்தாளிட்டிருந்தார்கள், பூதம் மட்டும் நின்றிருந்தது. பக்கத்தில் மெழுகுவத்தி, இன்னும் ஏற்றவில்லை. 'வந்து சேர்ந்துட்டார் சார். இப்ப ஜெபம்.' கைகூப்புகிற படம் ஒன்றை அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். நிருபமா அன்று மோர்க்குழம்பு வைத்திருந்தாள். நன்றாக இருந்தது, இன்னும் கொஞ்சம் விடச் சொன்னேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் போய்ப் பார்த்தீர்கள். பூதம் பற்றிக்கொண்டது, வைக்கோலும் பேப்பரும் சேர்ந்துகொண்டன. குழந்தை நாலாவது ராஜாவைக் காப்பாற்ற இரண்டு கையையும் உள்ளே விட்டாள். ஓஸ்வால்ட் அவளை இழுத்து வெளியே தள்ளிவிட்டுத் தடுக்கிக் குடில் மேலேயே விழுந்தார். சில நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தார்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். கேரல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த சீரியல் செட்ட நான்தான் சார் வாங்கினேன். சீப்பா கெடைக்குதேன்னு ரோட்ல வாங்கினேன். எங்க அப்பாவ நானே கொன்னுட்டேன்" என்று அழுதாள். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. அப்படியெல்லாம் நினைக்காதேம்மா என்று தோளில் தட்டிக்கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் தர்ஷினியையும் பார்த்தேன். இரண்டு கையிலும் கட்டு. "அங்கிள், நாலாவது ராஜா எங்க?" என்று கேட்டாள். தன் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டான் என்றேன். அந்தக் குழந்தையிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

இன்று காலை நீங்கள் என் வீட்டுக்கு வந்தது பெரிய விசாரணைக்காக இல்லை. இறந்தவர் கடைசியாகப் படம் அனுப்பிய ஆள் என்று ஏதோ இரண்டு வார்த்தை கேட்டுப்போக வந்தீர்கள். எழுந்திருக்கும்போது கன்னடத்தில் சாதாரணமாகச் சொன்னீர்கள்: சீரியல் செட்டில் ஷார்ட் சர்க்யூட், பக்கத்தில் ஏதோ மலிவு பிளாஸ்டிக் பொம்மை, அது உருகிப் பிடித்துக்கொண்டது. அதோடு போயிருப்பீர்கள். கேரல் காலமெல்லாம் அந்த விளக்கை நினைத்து அழுதுகொண்டிருப்பாள், நான் ஆபீஸ் பஸ் ஏறியிருப்பேன்.

ஆனால் மலிவு பிளாஸ்டிக் என்றீர்கள். என் மனத்தாங்கல் அதுதான். அந்த முகமும் கொம்பும் பிளாஸ்டிக் என்றால், என் அலமாரியில் நிற்பது என்ன என்று நாளைக்கு நாலு பேர் கேட்பார்கள். வாயைக் கட்ட முடியவில்லை. "பிளாஸ்டிக் இல்லை சார், அசல் செல்லுலாய்டு. நானே தேய்த்து முகர்ந்து பார்த்தேன்" என்றேன்.

"ஹௌதா, அப்படியா?" என்று மறுபடி உட்கார்ந்தீர்கள். "அது நெருப்பு தாங்குமா சார்?"

தெரிந்த விஷயத்தை யாராவது கேட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. எவ்வளவு சுலபமாகப் பற்றும், எப்படிச் சீறிக்கொண்டு எரியும், எல்லாம் சொன்னேன். நீங்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இத அந்த வீட்ல சொன்னீங்களா?" என்றீர்கள். அப்போதுதான் நிருபமா சமையலறை வாசலில் நிற்பதைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கேரல் கேட்டாள், ஒன்றும் ஆகாது என்றேன். ஆகும் என்று தெரிந்துதான் சொன்னேன். எந்த நாளில் ஆகும் என்றும் தெரியும். சீரியல் செட் மேல் ஒரு தப்பும் இல்லை, அதை அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள். ஓஸ்வால்டின் பூதம்தான் அசல். என்னுடையதை எத்தனை வருஷம் தேய்த்தும் ஒரு நாளும் அந்த வாசனை வந்ததில்லை. பொம்மைக்கு வயதாகி வாசனை போய்விட்டது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன்.

அதனால் ஒரு சின்ன வேண்டுகோள். என் பூதத்தைப் பெட்டியோடு எடுத்துவந்து மேஜைமேல் வைத்திருக்கிறீர்கள், ஜன்னல் வெயில் படாமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அட்டையில் எழுதியது இப்போது உண்மை. உலகில் இது ஒன்றுதான் இருக்கிறது. ஆறாம் தேதிக்குப் பிறகு தினமும் காலையில் தேய்த்துப் பார்க்கிறேன். கொஞ்ச நாளாகக் கற்பூர வாசனை வர ஆரம்பித்திருக்கிறது. லேசாகத்தான். சந்தேகமாக இருந்தால் நீங்களே முகர்ந்து பாருங்கள்.