துண்டு போட்ட இடம்

இரவு ஏழேகால் மணி. வாளாடியிலிருந்து லால்குடி போகிற சாலை. ஈ காக்கை கிடையாது… புளியமரங்கள்தான். அதை ஒட்டியே ரயில் பாதை. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நடுவில் எவனாவது எழுந்து போனால் மறுபடி முதலிலிருந்து சொல்ல மாட்டேன்.

நம் கியாசுதீனின் மச்சான் அப்துல் சுக்கூருக்கு நடந்தது இது. ஐம்பத்தெட்டாம் வருஷம். கொழும்பில் ஜவுளிக்கடை வேலை. அத்தா மவுத், இரவு இஷா தொழுகை வரைதான் வைத்திருப்போம் என்று தந்தி. அடக்குவதற்குள் அத்தா முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். மனுஷனுக்கு வேறு நினைப்பே இல்லை. விமானத்தில் திருச்சி வந்து இறங்கி, ஜங்ஷனுக்கு வரும்போது மணி ஆறு. அங்கே இந்தப் பக்கம் லால்குடி பஸ், அந்தப் பக்கம் ரயில்.

பஸ் என்றால் வீட்டுத் தெருமுனையிலேயே இறங்கலாம். ஆனால் கை காட்டுகிற இடமெல்லாம் நிற்கும். ரயில் என்றால் ஐந்தாறு ஸ்டேஷன், முடிந்தது. சுக்கூர் நம் ஊர்க்காரர் அல்லவா, யோசிக்கும் முன்பே பஸ் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடித்துவிட்டார். அதற்குள் ரயில் கூவியது.

"எப்பங்க எடுப்பீங்க?"

"ஆள் ரொம்பட்டும். ஏன் பறக்குறீங்க?" என்றார் கண்டக்டர்.

அவ்வளவுதான். துண்டை அப்படியே விட்டுவிட்டு ரயிலுக்கு ஓடினார்.

கோட்டை… ஸ்ரீரங்கம்… கொள்ளிடம் பாலம்… நன்றாகத்தான் ஓடியது. வாளாடி தாண்டியதும் கிறீச்சென்று நின்றுவிட்டது. கரிப்புகை. தவளைச் சத்தம். கால் மணி ஆயிற்று… அரை மணி ஆயிற்று. ஏன் நிற்கிறது என்று கேட்கக்கூட ஆள் இல்லை. பாவி, பஸ்ஸிலேயே இருந்திருக்கலாமே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

அப்போதுதான் அந்த பஸ் வந்தது. மெதுவாக… உள்ளே மஞ்சள் விளக்கு. கூடவே கற்பூரமும் பன்னீரும் கலந்த வாடை, மய்யித்தைக் குளிப்பாட்டிய வீட்டில் வருமே, அது. துண்டு போட்ட இடத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். தோளில் அதே துண்டு. அதே சட்டை.

அது சுக்கூர்தான்.

இவர் கத்தினார். அந்த ஆள் திரும்பவே இல்லை. பஸ் போய்விட்டது.

இவர் வீடு வந்து சேரும்போது ஒன்பது தாண்டிவிட்டது. கதவைத் திறந்தது மனைவி வஹீதா. பின்னாலேயே கியாசுதீன்.

"எடுத்துட்டாங்களா வஹீதா?"

அவள் இவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரங்க நேரத்துக்கு வந்து, முகம் பார்த்தப்புறம்தானே எடுத்தோம். உள்ள படுத்திருக்காங்க… நீங்க யாருங்க?"

நான்தான் சுக்கூர் என்று அவர் மல்லுக்கு நிற்கவில்லை. அழுதார். கேட்டது ஒன்றே ஒன்றுதான் என்று கியாசுதீன் இன்றைக்கும் சத்தியம் செய்வான்.

"அத்தா முகம் எப்படிம்மா இருந்துச்சு?"

உள்ளறை இருட்டிலிருந்து பதில் வந்தது… சுக்கூரின் குரலில்.

"எதிர்பார்த்துக்கிட்டே இருந்தாரு. யார் மூடியும் கண்ணு மூடல. நான் வந்துதான் மூடுனேன்."