கிழக்குப் பாதி

டீக்கு நன்றி, மேடம். காலையில் ஒரு வாய் டீ உள்ளே போகாவிட்டால் எனக்குப் பேச்சே வராது. அந்தக் கதவை மட்டும் சாத்திவிடலாமா? அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

பத்தொன்பது வருடமாக இந்த ஆய்வுக்கூடத்தில் நான் பூஞ்சைகளுக்குச் சோறு போடுகிறேன். கொண்டைக்கடலைச் செடியை வாடவைக்கும் பூஞ்சை மட்டுமே அறுபத்துமூன்று குழாய். எல்லாவற்றுக்கும் பெயர் ஒன்றுதான். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி, குணம்தான் வேறு வேறு. சில பூஞ்சைகள் நாலு இலையை மஞ்சளாக்கிவிட்டு ஓய்ந்துபோகும். நாற்பத்தொன்றாம் எண் அப்படி இல்லை. வாடல் நோயே வராது என்று நாம் வெளியிட்ட புது ரகத்தையும் அது இருபத்தைந்து நாளில் சாய்த்தது. எங்கோ ஒரு வயலோரத்தில் மூன்றே செடியில் அதைக் கண்டுபிடித்தேன். அந்தச் செடிகளை அங்கேயே எரித்துவிட்டேன். அதன் பிறகு அது என் குழாயில் மட்டும்தான் இருந்தது.

உங்களுக்கு முன்பிருந்த அதிகாரியிடம், அந்தப் புது ரகம் வாடிக் கிடந்த தொட்டிகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எல்லாம் ஒண்ணுதான்யா. உன் குழாய்ல ஏதாவது கலந்திருக்கும். தொட்டியில எது வேணா சாகும். வயல்ல காட்டு, பாப்போம்."

நியாயமான பேச்சுதான். வயலில் காட்டினேன்.

வயல் அக்காவுடையது. மாமா போன பிறகு அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். விதையும் நான் கொடுத்ததே. சோள மாவு கலந்த மணலில் நாற்பத்தொன்றை வளர்த்து, புது உரம் என்று சொல்லிக் கிழக்குப் பாதியில் தூவினேன். மேற்குப் பாதியைத் தொடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பாதி வேண்டும் அல்லவா. ஒரு மாதத்தில் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் வைக்கோல் நிறம். தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு. சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதிகாரியைக் கையோடு அழைத்துப்போக ஓடி வந்தேன். அவர் முந்தின வாரமே மாற்றலாகிப் போயிருந்தார்.

அடுத்த வருடம் வாய்க்கால் தண்ணீர் அதை மேற்குப் பாதிக்கும் கொண்டுபோய்விட்டது. அதை நான் யோசிக்கவில்லை. தவறு என்றால் அதுதான் என் தவறு.

அக்கா என்னைச் சந்தேகப்படவில்லை. "நீ ஆசையா குடுத்த விதைடா. நான்தான் தண்ணிய அதிகமா விட்டுக் கெடுத்துட்டேன் போல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகை என்னை விடவே இல்லை. இங்கே குழாய்களை அடுக்கும்போதும் பக்கத்தில் நின்று அழுகிற மாதிரியே கேட்கும். சில நாள் திரும்பிப் பார்த்துவிடுவேன். அவளை என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன்.

ஆறு வருடம், மேடம். தனிக்கட்டையாகக் கிடந்தவன் நான். கதவைத் திறந்தால் "வந்துட்டியாடா, கைய கழுவிட்டு வா" என்று ஒரு குரல். மண் தேறிவிட்டதா என்று பார்க்க, வருடத்துக்கு ஒரு தடவை வயல் மண்ணை எடுத்து வந்து, சமையலறை ஜன்னலில் ஒரு தட்டில் இருபது விதை போடுவாள். முதல் வருடம் இருபதும் செத்தன. பிறகு பதினேழு, பதினொன்று என்று குறைந்து, போன வருடம் நாலு. உண்ணச் செடி கிடைக்காவிட்டால் பூஞ்சையும் மெல்லச் சாகத்தான் செய்யும், உங்களுக்குத் தெரியாததா. இந்த வருடம் நாற்பது நாளாகியும் இருபதும் அப்படியே நின்றன. எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

"இனிமே உனக்குப் பாரமா இருக்க மாட்டேன்டா. நான் போய் விதைக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே புடவைகளை மடித்தாள். அப்படி அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாள்.

அவள் விதைக்கும் முன்பே நான் ஒருமுறை வயலுக்குப் போய் வந்துவிட்டேன்.

மூன்றாம் வாரம் செடிகள் சாயத் தொடங்கின. என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று, மண்ணைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு உங்களிடமே கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். நீங்கள் சொன்னது சரி, அது நாற்பத்தொன்றுதான். இந்தத் தடவை வயல் முழுக்கப் போட்டேன். யாருக்கும் எதையும் நிரூபிக்க அல்ல. இந்த வயதில் அவள் அங்கே தனியாகக் கிடந்து என்ன செய்வாள், சொல்லுங்கள்.

எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அக்காவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், மேடம். கேட்டால் தாங்க மாட்டாள். என்னை விட்டால் அவளுக்குப் போக ஒரு இடமும் இல்லை.