வெளிநாட்டு மாப்பிள்ளைகள்

கல்யாண வீடென்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கிறுக்கு, இன்ஸ்பெக்டர் ஐயா. கூப்பிடாத வீட்டிலும் போய் ஆடுவேன்.

அதனால்தான் மிருகக்காட்சிசாலையில் யானைமூஞ்சூறுகளை என் பொறுப்பில் விட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளங்கையில் அடங்கும் உயிர். ஓயாமல் துழாவும் தும்பிக்கை மூக்கு. அவை வாழ்ந்த அட்லஸ் மலைச்சரிவைச் சிமெண்டுக்காக வெட்டித் தின்றாகிவிட்டது. மிச்சம் எங்கள் கூண்டிலும், முன்பு இங்கிருந்து சிலவற்றைப் பிடித்துக்கொண்டுபோன ஒரு வெளிநாட்டுக் காட்சிசாலையிலும்தான். அவற்றைப் பெருக்குவது என் வேலை. ஒவ்வொரு ஜோடிக்கும் வாலில் மருதாணி வைத்துக் குலவையிட்டேன். அவை பின்னங்காலால் தரையைத் தட்டும். அந்தத் தாளத்துக்கு நான் ஆடுவேன். எதிர்க்கூண்டுக் குரங்குகள் வாய்பிளந்து பார்க்கும்.

மிருக டாக்டர் கிஸ்லான்தான் நடுவில் புகுந்தாள். படித்தவர்களை நான் நம்புவதில்லை. ஒரே குடும்பத்துக்குள் ஜோடி சேர்க்கக் கூடாதாம். அந்த வெளிநாட்டுக் காட்சிசாலையிலிருந்து ஆண் மூஞ்சூறுகளை வரவழைத்தாள்.

"ஒரே ரத்தம் திரும்பத் திரும்பச் சேர்ந்தா இனமே அத்துப்போகும், புவஸ்ஸா பெரியப்பா."

"எங்க வழக்கப்படி என் பொண்டாட்டி என் சித்தப்பா மக. எனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?"

"முளைச்சிருந்தா உங்களையும் கூண்டுல போட்டு டிக்கெட் வச்சிருப்பேனே."

நானும் சிரித்தேன். நல்ல வாய் அவளுக்கு.

வந்த மாப்பிள்ளைகளை நான் அவமதிக்கவில்லை. விருந்தாளிகள் அல்லவா? பேரீச்சம்பழத்தை நசுக்கி, தேன் தொட்டு ஊட்டினேன். தின்று முடிக்கும்வரை காத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் கட்டைவிரலால் கழுத்தை அழுத்தினேன். தீக்குச்சி ஒடிகிற சத்தம்கூட வராது. பயணக் களைப்பில் செத்துவிட்டன என்று டாக்டர் அழுதாள். புதினாத் தேநீர் போட்டுக் கொடுத்துத் தேற்றினேன். அடுத்து வந்தவற்றுக்கும் அதே விருந்து. கடைசியில் அந்த வெளிநாட்டுக்காரர்களிடமே அனுப்ப ஆண் இல்லாமல் போயிற்று. அன்றைக்கு நான் ஆடிய ஆட்டம் என் சொந்தக் கல்யாணத்தில்கூட ஆடியதில்லை. டாக்டர் ஒளித்துவைத்த கேமராவில் அதுவும் இருக்கும், பாருங்கள்.

"ஏன் இப்படிப் பண்ணுனீங்க?" என்று மட்டும் அவள் கேட்டாள். பாவம்.

குடும்பத்தைக் காப்பாற்றினேன், வேறென்ன? இப்போது கூண்டில் அன்னியன் ஒருவன்கூட இல்லை. எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். முன்பெல்லாம் குட்டிகள் பிறந்த அன்றே கண்ணைத் திறந்துகொண்டு கண்டபடி ஓடும். இப்போது பிறப்பவை கண் திறப்பதில்லை, கிடத்திய இடத்தைவிட்டு அசைவதுமில்லை. அவ்வளவு அடக்கம்.